புலிக்கு முன் மயில்: கானுயிர் ஒளிப்படம் குறித்து வாசகர் கேள்விகள்

கோடை விடுமுறை முடிந்து ஒரு மாதம் ஆகிறது. டாப்சிலிப்புக்கும் முதுமலைக்கும் ஆசனூருக்கும் முதல் தடவையாகக் கேமராவோடு போய் வந்தவர்களின் கடிதங்கள் மேசையில் குவிந்திருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் மனக்குறைக் கடிதங்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

ஐயா, டாப்சிலிப்பில் வனத்துறை வண்டியில் சென்றபோது யானை, காட்டுமாடு, மலபார் அணில் மூன்றையும் கண்டோம். புதிதாக வாங்கிய கேமராவில் 70-300 லென்ஸைப் பொருத்தி 240 படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. பழுது லென்ஸிலா, என்னிடமா? ஐந்து படங்களை இத்துடன் அனுப்பியுள்ளேன்.
*– பள்ளி ஆசிரியர், பொள்ளாச்சி*

லென்ஸில் பழுது இல்லை. ஐந்து படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அவற்றில் மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. யானைப் படத்தில் யானை, அதன் பின்னால் நிற்கும் தேக்கு, தரையில் கிடக்கும் சருகு எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருக்கின்றன. எல்லாம் சேர்ந்து இழுபட்டால் ஆடியது கேமரா என்று பொருள். மலபார் அணில் படத்தில் கிளையின் பட்டை வெடிப்புக்கூடத் துல்லியமாகத் தெரிகிறது, அணில் மட்டும் செந்நிறத் தீற்றலாக இருக்கிறது. அங்கே ஆடியது அணில். காட்டுமாட்டுப் படத்திலோ மாட்டுக்கு முன்னால் இருக்கும் உண்ணிச்செடியின் இலை நரம்பு தெரிகிறது, மாட்டின் கண் தெரியவில்லை. அங்கே எதுவும் ஆடவில்லை, ஃபோகஸ் போய் விழுந்த இடம்தான் தவறு. இனிமேல் எந்தப் படம் கெட்டாலும் அழிப்பதற்கு முன் இந்த மூன்றில் எது என்று பார்த்துவிட்டு அழியுங்கள்.

முதல் இரண்டுக்கும் காரணம் ஷட்டர் வேகம். படத்தோடு பதிவாகியிருக்கும் விவரங்களின்படி நீங்கள் 300 மி.மீ.யில், 1/80 நொடியில், ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர்வு அளவை 200இல் வைத்து எடுத்திருக்கிறீர்கள். உங்கள் கேமராவில் படத்தைப் பதிவு செய்யும் சென்சார் ஏ.பி.எஸ்.-சி வகையைச் சேர்ந்த சிறிய சென்சார் என்பதால், 300 மி.மீ. லென்ஸ் அதில் ஏறத்தாழ 450 மி.மீ. லென்ஸைப் போலக் காட்சியை நெருக்கிக் காட்டும். கையின் ஆட்டத்தையும் அதே அளவுக்குப் பெரிதாக்கும். கையில் பிடித்து எடுக்கும்போது 450 என்றால் 1/450 நொடிக்கு மேல் ஷட்டர் திறந்திருக்கக் கூடாது என்பது பழைய கணக்கு. ஆகவே 1/500ஐக் கீழ் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் யானைக்கு அது போதும். ஓடும் மானுக்கு 1/1000, பறக்கும் பறவைக்கு 1/2000 வேண்டும். லென்ஸில் இருக்கும் அதிர்வுக் குறைப்பு உங்கள் கையின் ஆட்டத்தை மட்டுமே தணிக்கும். அணிலின் ஆட்டத்தை அது ஒன்றும் செய்யாது.

காலை ஏழு மணிக்கு மரங்களுக்கு அடியில் அவ்வளவு வெளிச்சம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். இல்லைதான். அதனால்தான் ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தச் சொல்கிறேன். 3200 வரை தயங்காமல் போகலாம். படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளி தட்டும் என்று புதியவர்கள் அஞ்சுகிறார்கள். புள்ளி தட்டிய படத்தைக் கணினியில் பெருமளவு துடைத்துவிடலாம், இழுபட்ட படத்தை எவராலும் நேராக்க முடியாது. மேனுவல் முறைக்குப் போய் ஷட்டரை 1/800இல் நிறுத்தி, அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, அந்த லென்ஸ் தரும் மிக அகலமான அளவில் வைத்து, ஐ.எஸ்.ஓ.வை மட்டும் ஆட்டோவில் விட்டு அதற்கு 6400 என்று மேல் எல்லை கொடுத்துவிட்டால், வண்டியில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் எண்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

ஃபோகஸைப் பொறுத்தவரை, கடையிலிருந்து வந்தபடியே விட்டிருந்தால் கேமரா பெரும்பாலும் தனக்கு அருகில் இருப்பதைத்தான் பிடிக்கும். காட்டில் அருகில் இருப்பது எப்போதும் புல்லும் உண்ணிச்செடியும்தான். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, அதை விலங்கின் கண்ணில் வையுங்கள். நகரும் உயிர்களுக்குத் தொடர் ஃபோகஸ் வேண்டும். கேனானில் அதற்குப் பெயர் ஏ.ஐ. சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏ.எஃப்.-சி. வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது முழங்கையையோ லென்ஸையோ ஜன்னல் கம்பியில் ஊன்றாதீர்கள், அதிர்வு அப்படியே ஏறும். ஓட்டுநரிடம் பணிவாகக் கேட்டால் அரை நிமிடம் இன்ஜினை நிறுத்துவார்.

இன்னொன்று, என் சொந்த அனுபவம். பரம்பிக்குளம் பாதையில் புள்ளிமான் கூட்டத்தை எடுத்துவிட்டு, படம் சரியாக வந்திருக்கிறதா என்று கேமராவின் திரையைத் தடவிக்கொண்டிருந்தேன். கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் மெதுவாக, "ஏனுங்க, அதையே பாத்துட்டு இருக்கறீங்க, அந்தப் பக்கம் மான் கத்துதுங்க" என்றார். நான் தலையைத் தூக்குவதற்குள் சிறுத்தை பாதையைக் கடந்து மூங்கிலுக்குள் போய்விட்டது. வால் நுனியை மட்டும் பார்த்தேன். மான் கூவுவதும் கருமந்தி அடித்தொண்டையில் கத்துவதும் காடு தரும் தகவல்கள். திரையைப் பார்ப்பதற்கு வீட்டில் இரவு முழுவதும் இருக்கிறது.

கானுயிர்ப் படம் எடுக்க எந்தக் கேமரா வாங்கலாம்? நான் நூற்பாலைத் தொழிலாளி. பெரிய தொகை போட இயலாது. நண்பர்கள் 600 மி.மீ. லென்ஸ் இல்லாமல் காட்டுக்குப் போவதே வீண் என்கிறார்கள்.
*– வாசகர், உடுமலைப்பேட்டை*

நண்பர்கள் சொல்வதை ஒரு காதில் மட்டும் வாங்குங்கள். புதிய கேமரா உடலைவிட நல்ல லென்ஸ் முக்கியம் என்பதால், ஐந்தாறு ஆண்டுகள் பழைய கேமரா உடலைப் பழகியவர் கையிலிருந்து வாங்கி, மிச்சப்படும் பணத்தை லென்ஸில் போடுவது புத்திசாலித்தனம். கேனானின் 55-250, நிக்கானின் 70-300 போன்ற எடை குறைந்த லென்ஸ்களில் தொடங்கினால் போதும். சிக்மாவும் டாம்ரானும் செய்யும் 150-600 லென்ஸ்கள் சிறந்தவைதாம். ஆனால் அவற்றின் எடை ஏறத்தாழ இரண்டு கிலோ. வீட்டில் இரண்டு கிலோ அரிசிப் பையை முகத்துக்கு நேராக ஐந்து நிமிடம் ஏந்தி நின்று பார்த்துவிட்டு, பிறகு கடைக்குப் போங்கள். ஆடி மாதக் காற்றில் உடுமலைப் பக்கம் அந்த நீளக் குழலை நிலையாகப் பிடிப்பது தனி வித்தை.

லென்ஸ் மாற்றும் தொல்லையே வேண்டாம் என்றால் நிக்கான் பி 900, பி 1000 போன்ற பிரிட்ஜ் கேமராக்கள் இருக்கின்றன. பி 1000இன் ஜூம் 3000 மி.மீ. லென்ஸுக்கு இணையானது என்று சொன்னால் வாய் பிளப்பார்கள். நல்ல வெயிலில் தொலைவில் அமர்ந்திருக்கும் பறவைக்கு அது அருமையான கருவி. ஆனால் சென்சார் மிகச் சிறியது என்பதால் விடியலிலும் அந்தியிலும் தடுமாறும், விலங்குகள் வெளியே வருவதோ அந்த நேரங்களில்தான். என்னைக் கேட்டால் பழைய உடலும் 70-300உம்தான். ஓராண்டு கழித்து எந்த இடத்தில் லென்ஸ் எட்டவில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பெரிய லென்ஸை இரண்டு நாளைக்கு வாடகைக்குத் தருபவர்கள் கோவையில் இருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

எங்கள் பக்கம் காடு என்றால் சோளக்காடும் கொள்ளுக்காடும்தான். புலிகள் காப்பகத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை போக முடிந்தால் அதிகம். பழகுவதற்கு எங்கே போவது?
*– விவசாயி, தாராபுரம்*

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அந்தச் சோளக்காட்டுக்குத்தான் போக வேண்டும். தாராபுரத்தில் விடிந்ததும் வரப்பில் நான்கு மயில்கள் நிற்காத நாள் இருக்கிறதா? கானுயிர் ஒளிப்படத்தின் கடினமான பாடங்கள் அனைத்தும் ஒரு மயிலிடம் இருக்கின்றன. கழுத்து கருநீலம், முகத்தில் வெள்ளைப் பட்டை, பின்னணியில் வெளிறிய கரம்பு. இவை மூன்றும் ஒரே படத்தில் கெடாமல் வர வேண்டும். தலையை ஒரு நொடிகூட அசையாமல் வைக்காது. நெருங்கினால் பறக்காது, வேகமாக நடந்துபோய்விடும். நீங்கள் நடந்து நெருங்குவதைவிட அது வரும் வழியில் முன்கூட்டியே போய் உட்கார்ந்திருப்பதுதான் பயன் தரும் என்பதை ஒரு வாரத்தில் அதுவே கற்றுக்கொடுத்துவிடும்.

இப்படிச் செய்து பாருங்கள். சூரியன் உதிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால், மயில் வழக்கமாக இறங்கும் இடத்துக்கு முப்பது அடி தள்ளி, கிழக்குப் பக்கம் உங்கள் முதுகு இருக்கும்படி கிணற்று மேட்டுக்குக் கீழே தரையோடு உட்காருங்கள். நின்றுகொண்டு எடுத்தால் மயிலின் முதுகும் மண்ணும்தான் படத்தில் இருக்கும். அதன் கண்மட்டத்துக்குக் கேமரா இறங்கினால் பின்னணி தொலைவுக்குத் தள்ளிப்போய்ப் பச்சைத் திரையாகக் குழையும். முதல் மூன்று நாள் மயில் உங்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போகும். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ உங்களையும் ஒரு மண்மேடாக எண்ணிக்கொண்டு மேயத் தொடங்கும். ஓட்டத்தை எடுத்துப் பழக வெள்ளாட்டுக் குட்டிகளைவிட நல்ல மாதிரிகள் கிடைக்க மாட்டா. பட்டியிலிருந்து திறந்துவிட்டதும் அவை துள்ளும் துள்ளலை 1/1000இல் தெளிவாகப் பிடித்துவிட்டால் மான் உங்களுக்கு எளிது. பறப்பதற்குக் கரிச்சான், மின்கம்பியிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே கம்பிக்குத் திரும்பிவிடும் என்பதால், எங்கே ஃபோகஸ் வைப்பது என்று முன்பே தெரியும்.

நீர்ப்பறவைகளுக்கு நம் வட்டாரத்தில் பஞ்சமே இல்லை. ஈரோட்டிலிருந்து சென்னிமலை போகும் வழியில் வெள்ளோடு, திருப்பூர் ஊத்துக்குளிச் சாலையில் நஞ்சராயன் குளம், கோவையில் சிங்காநல்லூர்க் குளமும் உக்கடம் பெரியகுளமும் இருக்கின்றன. வெள்ளோடு 2022இலும் நஞ்சராயன் குளம் 2024இலும் பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. மார்கழி, தை மாதங்களில் வலசைப் பறவைகளும் வந்துவிடும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: கூடுகளின் பக்கம் போகக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் தொந்தரவு செய்வதை வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கியிருக்கிறது. படத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று கூட்டை மறைத்திருக்கும் ஒரு கொப்பை ஒடித்தால், மறுநாள் காக்கைக்கும் வல்லூறுக்கும் வழிகாட்டியவர் நாம்தான்.

வருகிற ஆகஸ்டில் குடும்பத்தோடு கென்யாவின் மசாய் மாரா செல்கிறோம். இதற்கென்றே 150-600 லென்ஸ் வாங்கியிருக்கிறேன். இதற்கு முன் கேமரா பிடித்ததில்லை. வேறு என்ன எடுத்துச் செல்ல வேண்டும், எப்படித் தயாராக வேண்டும்?
*– பின்னலாடை உற்பத்தியாளர், திருப்பூர்*

முதலில் தாராபுரத்துக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். ஆகஸ்டுக்கு இன்னும் இருக்கும் வாரங்களில் நஞ்சராயன் குளத்துக்குப் பத்துக் காலைகளாவது போய் வாருங்கள். பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு விரல் தேட வேண்டும். சிங்கத்துக்கு முன்னால் கையேட்டைப் புரட்ட முடியாது.

மாராவும் நம் காடும் முற்றிலும் வேறு. நம் பக்கம் அடர்ந்த மரமும் மறைவும். அங்கே கண்ணுக்கெட்டிய வரை புல்வெளி. வண்டிக்குப் பழகிய விலங்குகள் சில சமயம் சக்கரத்தின் நிழலிலேயே வந்து படுத்துக்கொள்ளும். அப்போது உங்கள் 150-600இல் சிங்கத்தின் ஒரு காதும் பாதி மீசையும்தான் அடங்கும். ஆகையால் 24-70 போன்ற அகலமான லென்ஸ் பொருத்திய இரண்டாவது உடல் ஒன்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நல்ல கைப்பேசி போதும். வண்டியில் உட்கார்ந்து லென்ஸை மாற்றாதீர்கள். உலர்காலத்துப் புழுதி சென்சாரில் ஒட்டினால் அடுத்த எல்லாப் படங்களின் வானத்திலும் கரும்புள்ளியாக நிற்கும். கேமராவைப் போர்த்தப் பாலித்தீன் கவர் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். கென்யா 2017இலேயே பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்துவிட்டது. திருப்பூர்க்காரருக்குத் துணிக்கா பஞ்சம்? நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் இரண்டு உறை தைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு ஒரு தாங்கு பையும் தைத்துவிடுங்கள். சஃபாரி வண்டிக்குள் முக்காலி விரிக்க இடம் இருக்காது. கூரை திறந்த வண்டியின் விளிம்பில் பயறு நிரப்பிய பையை வைத்து, அதில் ஒரு பள்ளம் அமுக்கி, லென்ஸைக் கிடத்துவதுதான் வழக்கம். பழைய ஜீன்ஸ் காலை ஒன்றரைச் சாண் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைத் தைத்து, மறு முனையில் ஜிப் வைத்தால் பை தயார். இங்கிருந்து காலியாகக் கொண்டுபோய் அங்கே அவரையோ அரிசியோ வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். உள்ளூரில் நான் பருத்திக்கொட்டை நிரப்புகிறேன்; எடையும் குறைவு, லென்ஸுக்கு நன்றாகப் படிந்தும் கொடுக்கும். ஒரு முறை கொள்ளு நிரப்பிக்கொண்டு போய், தேநீர் குடிக்க இறங்கிய இடைவெளியில் குரங்கு பையைக் கிழித்து வண்டி முழுவதும் இறைத்துவிட்டது. குற்றம் குரங்கின் மேல் இல்லை.

ஜூலை முதல் அக்டோபர் வரை வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான் வகையின் கூட்டங்களும் வரிக்குதிரைகளும் மாராவில் இருக்கும் என்பதால் நீங்கள் நல்ல மாதத்தில் போகிறீர்கள். ஆற்றைக் கடக்கும் காட்சியைப் பார்த்தே தீர வேண்டும் என்று குடும்பத்தாருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்; ஆயிரக்கணக்கில் கரையில் கூடி இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, முன்னால் நிற்கும் ஒன்று மிரண்டதும் எல்லாம் திரும்பிப் போய்விடுவதும் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஆறரை மணிக்கு உதித்து, நேராக மேலே ஏறிவிடும். சாய்ந்த பொன்னொளி காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும்தான் கிடைக்கும். விடுதியில் காலை உணவை முடித்துவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினால் படத்துக்கான நாள் முடிந்துவிட்டது என்றே கொள்ளலாம். உணவைக் கட்டித் தரச் சொல்லி இருட்டோடு புறப்படுங்கள். சிங்கம் பகலின் பெரும்பகுதி தூங்கும். சிவிங்கிப்புலிதான் பகலில் வேட்டையாடும். நம் செய்தித்தாள்கள் இதையும் சிறுத்தை என்றே எழுதிக் குழப்புகின்றன. கண்ணிலிருந்து வாய் வரை கறுப்புக் கண்ணீர்க் கோடு இருந்தால் அது சிவிங்கிப்புலி.

ஓட்டுநரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள்: பல விலங்குகளை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நிற்க விருப்பம் என்று. குழந்தைகளுக்குப் பொறுமை இருக்காது என்பதால் ஒரு காலையாவது நீங்கள் மட்டும் தனி வண்டியில் போக ஏற்பாடு செய்தால் வீட்டிலும் அமைதி நிலவும். மற்றவை சில்லறை: அங்கே பிளக் பிரிட்டிஷ் பாணி மூன்று சதுர முள், உள்நாட்டுச் சிறு விமானத்தில் மாரா போவதாக இருந்தால் வழக்கமாக 15 கிலோவுக்கு மேல் சுமை அனுமதிப்பதில்லை, பெட்டியும் மென்மையானதாக இருக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டுச் சான்றிதழ் வைத்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் திரும்பி வரும்போது இங்குள்ள விமான நிலையத்தில் தடுத்து வைப்பார்கள்.

யானையும் காட்டுமாடும் என் படங்களில் வெளிறிச் சாம்பலாக வருகின்றன. கொக்கு வெறும் வெள்ளைக் கறையாக வருகிறது. கேமரா ஏன் இப்படிச் செய்கிறது?
*– கல்லூரி மாணவர், கோவை*

கேமராவுக்கு யானை தெரியாது, கொக்கும் தெரியாது. எதைக் காட்டினாலும் மொத்தமும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்கிடும். கரிய காட்டுமாடு படச்சட்டத்தை நிறைத்தால், இருட்டாக இருக்கிறதே என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும், மாடு சாம்பலாகிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்ற பொத்தானில் கழித்தல் 0.7 அல்லது 1 வைத்தால் கறுப்பு கறுப்பாகவே வரும்.

கொக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெள்ளை என்றால் கூட்ட வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு எப்போதும் கூட்டுகிறார்கள். கொக்கு படச்சட்டத்தை முழுவதும் அடைத்துக்கொண்டிருந்தால் கூட்ட வேண்டியதுதான். ஆனால் பெரியகுளத்தின் கரிய நீரில் தொலைவில் ஒரு சிறு கொக்கு நின்றால், கேமரா நீரின் கருமையைப் பார்த்துத் தானே ஒளியைக் கூட்டிக் கொக்கை வெறும் வெள்ளையாக எரித்துவிடுகிறது. அங்கே கழிக்க வேண்டும். இறகுக்கோடு ஒரு முறை எரிந்துவிட்டால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ரா வடிவத்தில், அதாவது கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக் கோப்பாக, எடுத்தால் நிழலில் மறைந்ததைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம் என்பதால், ஐயம் இருந்தால் கொஞ்சம் இருட்டாகவே எடுங்கள்.

முதுமலை யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த கானுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணனின் படங்கள் கிடைத்தால் பாருங்கள். யானைத் தோலின் மடிப்பில் எத்தனை வகைக் கருமை இருக்கிறது என்று தெரியும்.

கைப்பேசியில் எடுக்க முடியாதா?
*– வாசகி, கோபிசெட்டிபாளையம்*

முடியும், புலியின் முகத்தை நெருக்கத்தில் எடுக்க நினைக்காவிட்டால். மூடுபனி விலகும் மலை, அதன் அடிவாரத்தில் எறும்புபோல் வரிசையாகப் போகும் யானைக் கூட்டம், சோலையின் விளிம்பில் நிற்கும் ஒற்றைக் கடமான் இவற்றைக் கைப்பேசி நன்றாகவே எடுக்கும். இரண்டு விரல்களால் இழுத்துப் பெரிதாக்குவது பெரும்பாலும் படத்தின் ஓரங்களை வெட்டுவதுதானே தவிர உண்மையான ஜூம் இல்லை, அதைச் செய்யாதீர்கள். ஃபிளாஷையும் ஒலியையும் அணைத்துவிட்டு வண்டியில் ஏறுங்கள்.

கடவூர் மலைப்பகுதியில் தேவாங்குகள் நிறைய இருப்பதாக அறிந்தேன். இரவில் டார்ச்சும் ஃபிளாஷும் கொண்டு சென்று படம் எடுக்க விரும்புகிறேன். என்ன அமைப்பு வைக்கலாம்?
*– வாசகர், கரூர்*

எந்த அமைப்பும் வேண்டாம், போகாதீர்கள். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரவியிருக்கும் அந்தப் பகுதி 2022இல் தேவாங்குக்கென நாட்டிலேயே முதலாவதாக அறிவிக்கப்பட்ட சரணாலயம். சரணாலயத்துக்குள் படம் எடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். இரவில் தனியாக நுழைவது குற்றம். அனுமதி ஒருபுறம் இருக்கட்டும், தேவாங்கின் கண்ணைப் பாருங்கள், முகத்தின் பாதி கண்தான். நட்சத்திர ஒளியில் பூச்சி பிடிக்க அமைந்த கண் அது. அதில் ஃபிளாஷ் அடித்தால் சிறிது நேரத்துக்காவது அதற்குப் பார்வை குழம்பும், கிளையில் பிடி தவறும். இரவுப் படங்களை ஆய்வாளர்களோடு முறையாகப் போகும் வாய்ப்பு வரும்வரை தள்ளிவையுங்கள். வீட்டுத் தோட்டத்துப் பனையில் ஆந்தை இருந்தாலும் இதே பதில்தான்.

திம்பம் மலைப்பாதையில் காரில் செல்லும்போது சாலையோரம் யானை நின்றால், ஒரு நிமிடம் இறங்கிப் படம் எடுக்கலாமா?
*– வாசகர், சத்தியமங்கலம்*

கூடாது. இறங்கவும் கூடாது, நிறுத்தி ஹாரன் அடிக்கவும் கூடாது, வாழைப்பழம் வீசவும் கூடாது. கரும்பு லாரியை மறித்துத் தின்று பழகிய யானைகள் காரப்பள்ளம் பக்கம் இருப்பது உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நின்ற வாகனம் அவற்றுக்குத் தீனி வண்டியாகத் தெரிகிறது. காதை விரித்து, துதிக்கையைச் சுருட்டி, ஓரடி முன்னால் வைத்த யானையைப் பலர் நல்ல போஸ் என்று எண்ணுகிறார்கள். அது கடைசி எச்சரிக்கை.

படத்தில் புலியின் முகத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி வந்துவிட்டது. மென்பொருளில் அதை அழித்துவிட்டுப் போட்டிக்கு அனுப்பலாமா? மேலும், படத்தைப் பகிரும்போது இடத்தின் பெயரைப் போடலாமா?
*– வாசகர், ஈரோடு*

வரவேற்பறையில் மாட்டிக்கொள்வதற்காக என்றால் உங்கள் விருப்பம். போட்டிக்கு என்றால் விதிகளைப் படியுங்கள். கானுயிர்ப் போட்டிகளில் பொதுவாக ஒளி, நிறம், ஓரம் வெட்டுதல் இவற்றைச் சீர்செய்ய விடுவார்கள், இருந்ததை எடுப்பதையும் இல்லாததைச் சேர்ப்பதையும் விட மாட்டார்கள். இறுதிச் சுற்றில் ரா கோப்பைக் கேட்பார்கள், அப்போது குச்சி திரும்பி வந்துவிடும். எனக்கென்னவோ அந்தக் குச்சி இருக்கட்டும் என்றே தோன்றுகிறது. புலி குச்சிகளுக்கு நடுவில்தான் வாழ்கிறது. முகம் மட்டும் நிறைந்த படங்களை உயிர்க்காட்சிச் சாலையிலும் எடுக்கலாம்; புலியைச் சுற்றி மூங்கிலும் சருகும் நிழலும் இருந்தால்தான் அது எந்தக் காட்டுப் புலி என்று பார்ப்பவருக்குத் தெரியும்.

காப்பகத்தின் பெயரைப் போடலாம். அதற்குக் கீழே எந்தப் பாறை, எந்த மரம், எந்த ஓடை என்று எழுதாதீர்கள். கைப்பேசிப் படங்களில் இடக் குறிப்பு தானாகவே பதிந்திருக்கும்; பகிர்வதற்கு முன் அமைப்புகளில் போய் அணைத்துவிடுங்கள். இருவாச்சிக் கூடு இருக்கும் மரம் ஒன்று தெரிந்துவிட்டால் அடுத்த ஞாயிறு அந்த மரத்தடியில் முப்பது பேர் நிற்பார்கள். உள்ளே அடைபட்டிருக்கும் பெட்டைக்கு இரை கொண்டுவரும் ஆண் பறவை அவர்களைக் கண்டு திரும்பிப் போய்விடும்.

ஆறு மாதம் பையில் வைத்திருந்த லென்ஸை எடுத்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலைபோல் படர்ந்திருக்கிறது. துடைத்தால் போகவில்லை.
*– தேயிலைத் தோட்ட ஊழியர், வால்பாறை*

அது பூஞ்சை, கண்ணாடிகளுக்கு நடுவே வளர்வதால் வெளியே துடைத்துப் பயனில்லை. நீங்களாகத் திருகுகளைக் கழற்றாமல் கோவையில் லென்ஸ் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். தொடக்க நிலையில் இருந்தால் சுத்தம் செய்துவிடலாம். கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டிருந்தால் செலவு செய்யாதீர்கள். வால்பாறை மழைக்குத் துணிப்பை ஆகாது. சமையலறையில் வைக்கும் காற்றுப் புகாத பெரிய டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் போட்டு, அதில் கேமராவையும் லென்ஸையும் வையுங்கள். நிறம் மாறும் வகையாக வாங்கினால், நிறம் மாறியதும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி போடலாம். அரிசியில் புதைக்கச் சொல்வார்கள், தவிடும் தூசியும்தான் உள்ளே போகும். வாரம் ஒரு முறை வெளியே எடுத்து அரை மணி நேரம் வெளிச்சத்தில் பயன்படுத்துங்கள்; புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்குகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லென்ஸை ஆறு மாதம் பையில் போட்டுவைத்ததற்கு உங்களை மன்னிப்பது கடினம்.